திருப்பதி நகர வளர்ச்சியில் பொலியூட்டும் மானியமும்

முன்னுரை

நலிவுற்ற நகர்ப்பகுதிகளைச் சீரமைக்க நிதி வழங்குதல் நிகழ்கால அரசின் செயற்பாடாகவே பெரிதும் கருதப்படுகிறது. எனினும், ஓர் ஊரின் வளத்தைக் கொடைப்பணத்தால் பெருக்கி, அப்பெருக்கத்தைக் கொண்டே அறத்தை நிலைநிறுத்தும் முறை இடைக்காலத் திருப்பதியில் வழக்கில் இருந்தது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1931 முதல் ஆறு தொகுதிகளாக வெளியிடப்பெற்ற இவை வைணவ வழிபாட்டு வரலாற்றுக்கே மிகுதியும் பயன்பட்டுள்ளன. இவற்றில் பொதிந்துள்ள கொடைமுறையைப் பிற்கால மானிய முறையோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் கோயிலும்

தொடக்கக் காலத்தில் திருமலைக் கோயிலுக்கு உறுதுணையாக விளங்கிய ஊர் திருச்சானூர் ஆகும். பல்லவர் குடியில் தோன்றிய சாமவை என்னும் அரசமாதேவி வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கு நிலமும் வழங்கிய செய்தியைத் திருமலைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்நிலம் திருச்சானூரைச் சார்ந்தது. மலைமேல் நிகழும் வழிபாடு மலையடிவார ஊரின் விளைச்சலை நம்பியிருந்தமை இதனால் விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராமானுசர் கோவிந்தராசர் கோயிலை நிறுவினார் என்பது வைணவ மரபு. அக்கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளே இன்றைய திருப்பதி நகரின் கருவாயின.

பொலியூட்டு

பொலி, பொலிசை என்னும் சொற்கள் பெருக்கத்தையும் வட்டியையும் குறிப்பன. முதல் அழியாமல் அதன் வருவாயைக் கொண்டு நடைபெறும் கட்டளை பொலியூட்டு எனப்பட்டது. விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் மிகுதியாகப் பயில்கிறது. கொடையாளர் ஸ்ரீபண்டாரத்தில் பணம் செலுத்துவர். தானத்தார் அப்பணத்தைக் கொண்டு திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவிப்பர். அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து திருவமுதுக்கு வேண்டுவன அளக்கப்படும். படைத்த பிரசாதத்தில் கொடையாளருக்குரிய பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனப்பட்டது. அது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்காக அமைந்தது. இவ்வொப்பந்தத்தைக் கோயில் கணக்கர் திருநின்றவூருடையான் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம்.

இம்முறையின் பொருளியற் சிறப்பை 1960இல் பர்ட்டன் ஸ்டெயின் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கோயில் பணத்தை முடக்கி வைக்கவில்லை; அதனை வேளாண் முதலீடாக மாற்றியது என்பது அவர் கண்ட முடிவு. சாளுவ நரசிம்மன் காலத்தில் நிறுவப்பட்டு, கந்தாடை இராமானுச ஐயங்காரின் பொறுப்பில் நடைபெற்ற இராமானுசகூடங்கள் வழிப்போக்கருக்கு உணவளித்தமையும் இத்தகைய கொடைகளின் பயனே ஆகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இக்கொடைகளின் நேரடி நோக்கம் மக்கள் நலனன்று. இறைவனுக்குரிய திருவமுதே ஆகும். ஏரி அதற்குரிய கருவியாகவே கருதப்பட்டது. பிரசாதப் பங்கீட்டில் இடம்பெற்றோர் யாவர் என்பதையும், உழைத்தோர் பெயர்கள் கல்லில் ஏறவில்லை என்பதையும் மறந்து இம்முறையைப் பொற்கால ஏற்பாடாகப் போற்றுதல் பொருந்தாது. ஆயினும் பணம் எவ்வளவு, எவ்விடத்தில் செலவிடப்படும், வருவாய் யாரிடம் சேரும், எதுவரை நீடிக்கும் என்னும் நான்கு வினாக்களுக்கும் அவ்வாவணம் விடை கூறியது. ‘சந்திராதித்தவரை’ என்னும் தொடர் வெறும் மரபுத்தொடரன்று. காலம் பற்றிய உறுதிமொழியுமாகும்.

நகராட்சிக் காலம்

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் பேரரசின் ஆதரவு குன்றியது, கொடைகளும் அருகின. 1801இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தது. 1843இல் கோயில் நிருவாகம் அத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து, 1886இல் திருப்பதி நகராட்சியாயிற்று. இதனால் கோயில் ஒரு நிருவாகத்திலும் நகர் மற்றொரு நிருவாகத்திலும் அமைந்தன. 1933இல் திருமலை திருப்பதி தேவத்தானம் உருவான பின்னரும் இப்பிரிவு தொடர்ந்தது. தெருவும் சாக்கடையும் நகராட்சியின் பொறுப்பாயின. காணிக்கை தேவத்தானத்தின் வருவாயாயிற்று.

சித்தூரின் நிலை இதனினும் வேறானது. 1911இல் புதிய மாவட்டத்தின் தலைநகரான அவ்வூர் 1917இல் நகராட்சியாயிற்று. திருப்பதியைப் போன்று பெருங்காணிக்கை பெறும் கோயில் நகரினுள் இன்மையால், வரியையும் அரசு மானியத்தையுமே அது நம்ப வேண்டியிருந்தது.

மானியத் திட்டங்கள்

2005இல் தொடங்கப்பட்ட சவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் நகர்ப்புற ஏழையருக்கான அடிப்படை வசதிகளையும் ஓர் உறுப்பாகக் கொண்டிருந்தது. பின்னர் திருப்பதியும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2015இல் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தில் சித்தூரும் திருப்பதியும் இடம்பெற்றன. 2016இல் திருப்பதி சீர்மிகு நகரங்கள் திட்டத்திற்குத் தேர்வாயிற்று. அத்திட்ட விதிப்படி ஒரு நகருக்கு ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் வரை நடுவணரசும், அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் வழங்க வேண்டியிருந்தது. பணிகளை நிறைவேற்றத் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. 2023இல் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலத்திற்குத் தேவத்தானமும் நிதி அளித்தது. சீர்மிகு நகரங்கள் திட்டம் 2025 மார்ச்சு 31இல் முடிவுற்றது.

2023இல் தேவத்தான அறங்காவலர் குழு தன் ஆண்டு வரவுசெலவில் ஒரு விழுக்காட்டைத் திருப்பதி நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. மாநில அரசு அதனை ஏற்கவில்லை. அடியார் அளித்த காணிக்கையை நகர்ப்பணிக்குச் செலவிடலாகாது என ஒருசாரார் வாதிட்டனர். அடியார் கூட்டத்தின் சுமையைத் தாங்கும் நகருக்கு அதில் உரிமையுண்டு என மறுசாரார் வாதிட்டனர். இரு வாதங்களுக்கும் கல்வெட்டுகளில் இடமுண்டு. கொடையாளர் கருதிய கட்டளை மாறலாகாது என்பதையும், அக்கட்டளை நிலைக்க ஊர் செழிக்க வேண்டும் என்பதையும் அவை ஒருங்கே உணர்த்துகின்றன.

முடிவுரை

மானியம் என்னும் சொல் முன்னர் ஊழியத்திற்காக விடப்பட்ட வரியிலி நிலத்தைக் குறித்தது. பணி தொடரும்வரை நிலத்தின் பயனும் தொடர்ந்தது. இன்று அச்சொல் அரசு வழங்கும் உதவித்தொகையைக் குறிக்கிறது. சொற்பொருளில் நேர்ந்த இம்மாற்றம் நிதிமுறையில் நேர்ந்த மாற்றத்தையும் காட்டுகிறது. பொலியூட்டு பராமரிப்பை முன்வைத்தது. அதன் பயன் யாரைச் சேர வேண்டும் என்பதில் குறுகியிருந்தது. இன்றைய மானியம் ஏழையர் வாழும் பகுதியையும் தன் எல்லைக்குள் கொள்கிறது. ஆனால் திட்டக்காலம் முடிந்தபின் குழாயையும் கால்வாயையும் காப்பதற்குரிய முதலை அது விட்டுச் செல்வதில்லை. பரந்த நோக்கும் நிலைத்த முதலும் ஒருங்கிணைய வேண்டும் என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும். திருப்பதிக் கல்வெட்டுகளைச் சமய ஆவணங்களாக மட்டுமன்றி, நகர நிதி வரலாற்றுக்கான தமிழ்ச் சான்றுகளாகவும் பயிலுதல் ஆய்வாளர் கடமையாகும்.