கோல்ஃப் தண்டின் கதை



பாடசாலையிலே முப்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன் கோலைப் பற்றிப் பேச வந்தால், நீங்கள் பிரம்பை நினைத்துக்கொள்ளக்கூடும். இன்று நான் பேசப்போவது அந்தக் கோலைப் பற்றியன்று. பரந்த புல்வெளியிலே சிறு பந்தொன்றை அடித்தடித்துச் சென்று, தொலைவிலுள்ள குழியில் வீழ்த்தும் கோல்ஃப் விளையாட்டின் கோலைப் பற்றியது இப்பேச்சு. கோல்ஃப் என்னும் சொல்லே கோலைக் குறித்த பழைய ஒல்லாந்தச் சொல்லொன்றிலிருந்து வந்தது என்பர் மொழியாராய்ச்சியாளர் பலர். ஒலி ஒத்திருக்கின்றது என்பதற்காக நம்முடைய கோலுக்கும் அதற்கும் உறவு கற்பிக்க வேண்டா. அக்கோலிலும் தலையையும் பிடியையும் விட்டு, இரண்டையும் இணைக்கும் தண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும், எவ்வளவு வளைந்துகொடுக்கவேண்டும் என்னும் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். எனினும், அதற்கு விடை தேடியவர்களின் வரலாறு ஐந்நூறு ஆண்டு நீளமுடையது.

நான் இவ்விளையாட்டை ஆடியவன் அல்லன். இளம் ஆசிரியனாக நுவரெலியாவில் பணிபுரிந்த காலத்திலே, நகரின் நடுவேயுள்ள கோல்ஃப் திடலின் வேலியோரமாக நடந்து பாடசாலை செல்வேன். என் மாணவன் ஒருவனின் தந்தை அத்திடலிலே ஆட்டக்காரரின் கோற்பையைச் சுமப்பவர். எனக்கு இதில் ஆர்வம் பிறந்தது அவராலேயே. அவரைப் பின்னர் சந்திப்போம்.

இக்கதை ஸ்கொத்லாந்தில் தொடங்குகின்றது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் கோல்ஃபையும் காற்பந்தையும் தடைசெய்தது. இளைஞர் அவற்றில் மூழ்கி வில்வித்தைப் பயிற்சியைக் கைவிடுகின்றனர் என்பதே காரணம். இங்கிலாந்தின் வில்லாளருக்கு ஈடுகொடுக்க வேண்டிய நாட்டுக்கு அது விளையாட்டன்று. ஆனால் 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரின் பொருளாளர் எழுதிய கணக்கேட்டிலே, பேர்த் நகரத்து வில்செய்வோனிடம் கோல்கள் வாங்குவதற்கு 14 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு குறிப்பு உண்டு. நூறாண்டு கழித்து 1603இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் வில்லியம் மேய்ன் என்னும் எடின்பரோ வில்செய்வோரையே அரச கோல்செய்வோராகவும் நியமித்தார். வில்லுக்குப் பகையென்று ஒதுக்கப்பட்ட விளையாட்டுக்கு வில்செய்வோரே கருவி செய்தனர்! வரலாற்றுப் பாடத்திலே மாணவர் சிரிக்கும் இடம் இது. சற்று நின்று சிந்தித்தால் சிரிப்புக்கு இடமில்லை. ஒரு மரக்கொம்பு எவ்வளவு வளையும், வளைந்தபின் எவ்வளவு விரைவாக நிமிரும் என்பதை வில்செய்வோனைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் வேறு யார் இருந்தனர்?

பழங்காலத் தண்டுகள் ஆஷ், ஹேசல் முதலிய உள்நாட்டு மரங்களால் ஆனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து ஹிக்கறி மரம் வந்து இறங்கியது. கோடரிப் பிடிக்கு அமெரிக்கர் விரும்பிய மரம் அது. நேரான நார், உறுதியான உடல், அடியைத் தாங்கும் பொறுமை ஆகிய மூன்றும் அதனிடம் இருந்தன. சென்ற் அன்றூசில் ரொபேட் ஃபோர்கன் முதலான கோல்செய்வோர் அதனைப் பெரிதும் போற்றினர். சதுரக் கட்டையாக வரும் மரத்தைச் சீவி, உருட்டி, இறுதியில் அரத்தாலும் கண்ணாடித் துண்டாலும் சுரண்டித் தண்டாக்குவர். அந்தச் சுரண்டலிலேதான் தொழிலின் உயிர் இருந்தது. தண்டின் தடிப்புப் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. ஏனெனில் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வது. கோல்செய்வோன் இந்தக் கணக்கைக் கற்றவன் அல்லன். ஆயினும் சிறிது சுரண்டுவான், கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பான், மீண்டும் சுரண்டுவான். ஒரு இழை கூடச் சுரண்டினாலும் தண்டு தளர்ந்து பாழாகும் என்பதை அவன் விரல் அறிந்திருந்தது.

ஹிக்கறித் தண்டு வளைவதோடு நில்லாமல் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். வேகமாக வீசினால் கோலின் தலை சற்றுத் திரும்பிவிடும். பந்து நினைத்த திசையில் போகாது. ஆகவே அக்கால ஆட்டக்காரர் நீண்ட, நிதானமான வீச்சையே பழகினர். தலை பின்தங்கி வருவதை உணர்ந்து, அது வந்து சேரும்வரை கை காத்திருக்கும். தண்டின் இயல்புக்கு மனிதன் தன்னைப் பொருத்திக்கொண்ட காலம் அது. ஒரே மரத்தின் இரு துண்டுகளும் ஒத்திரா. எனவே, கைக்கு இசைந்த கோலொன்று கிடைத்தால் அதனை ஆண்டுக்கணக்காகப் போற்றி வைத்திருப்பர்.

அவ்வாறு தேர்ந்தெடுத்தவர்களிலே தலைசிறந்தவர் அமெரிக்காவின் பொபி ஜோன்ஸ். 1930ஆம் ஆண்டில் பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் பகிரங்கப் போட்டிகளையும், அவ்விரு நாடுகளின் தொழில்முறை சாராத ஆட்டக்காரருக்கான போட்டிகளையும் ஒருசேர வென்று, 28 வயதிலே போட்டிகளிலிருந்து விலகியவர் அவர். நான்கு வெற்றியும் ஹிக்கறித் தண்டினால் பெற்றவை. கடைகடையாக ஏறி இறங்கி, கையில் ஆட்டிப் பார்த்துச் சேர்த்த கோல்கள் அவை. பிற்காலத்தில் அவற்றைக் கருவிகொண்டு சோதித்தபோது ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தனவாம். ஒவ்வாதிருந்த அந்த ஒன்று, தமக்கு என்றுமே சரிவரவில்லை என்று ஜோன்ஸ் குறைப்பட்டுக்கொண்ட கோலேயாம். கோல்ஃப் உலகிலே பலராலும் சொல்லப்படும் செய்தி இது.

இனி உருக்கு வந்த கதைக்குச் செல்வோம். தோமஸ் ஹோர்ஸ்பரோ என்னும் ஸ்கொத்லாந்துக் கொல்லர் 1894இலேயே உருக்குத் தண்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடையது திண்ணிய கம்பி, பாரம் மிகுந்தது, எடுபடவில்லை. 1910இல் நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரப் பொறியியலாளர் ஆதர் நைற், உட்குழலான உருக்குத் தண்டுக்கு உரிமை பெற்றார். குழலாக இருப்பதனால் பாரம் குறைந்தும் விறைப்பு நிலைத்தும் இருந்தது. முறுக்கிக்கொள்ளும் குற்றமும் பெரிதும் நீங்கியது. இதே நைற் முன்னர் ஆக்கிய, குழியருகே பந்தை உருட்டும் கோலொன்றினால் வோல்டர் ட்ராவிஸ் என்னும் அமெரிக்கர் 1904இல் பிரித்தானியப் போட்டியொன்றை வென்றிருந்தார். அவ்வகைக் கோலை சென்ற் அன்றூசின் றோயல் அன்ட் ஏன்சியன்ற் கழகம் அந்த 1910ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. ஆகவே நைற்றின் உருக்குத் தண்டு எத்தகைய வரவேற்பைப் பெற்றிருக்கும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சங்கம் 1924இல் உருக்குத் தண்டை அனுமதித்தது. சென்ற் அன்றூஸ் 1929 இறுதிவரை பொறுத்தது. அவ்வாண்டில் வேல்ஸ் இளவரசர் சென்ற் அன்றூஸ் திடலிலே உருக்குத் தண்டுக் கோல்களால் ஆடினாராம். அவரை விதிமீறியவராக்க மனமின்றிக் கழகம் விதியையே மாற்றிற்றாம். சுவையான கதைதான். நல்ல ஹிக்கறி அருகி வந்தமையும், அமெரிக்கத் தொழிற்சாலைகள் உருக்குத் தண்டுகளைப் பெருந்தொகையாகச் செய்து தள்ளியமையும் இளவரசரைவிட வலிமையான காரணங்கள் என்பதே என் எண்ணம். கழகத்தாரை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. திறமை கையில் இருக்கவேண்டுமா, கருவியில் இருக்கவேண்டுமா என்பதே அவர்களை உறுத்திய கேள்வி. அத்துடன், கண்ணாடித் துண்டால் சுரண்டிப் பிழைத்த தொழிலாளரின் கைத்திறம் ஒன்றும் அங்கே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

1931இல் பில்லி பேர்க் உருக்குத் தண்டுக் கோல்களால் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். அப்போட்டியில் அவ்வாறு வென்ற முதல்வர் அவரே. ஜோர்ஜ் வொன் எல்முடன் மீண்டும் மீண்டும் சமநிலை எய்தி, 144 குழிகள் ஆடியபின் ஒரே ஓர் அடியினால் பெற்ற வெற்றி அது. ஆயினும் பழக்கம் எளிதில் மாறுவதன்று. அக்காலத்து உருக்குத் தண்டுகள் பலவற்றுக்கு மரநிறப் பூச்சு அணிவித்து விற்றனர்! 1936இல் ஜோனி ஃபிஷர், அமெரிக்காவில் தொழில்முறை சாராதோர் போட்டியை ஹிக்கறியால் வென்றார். பெரும்போட்டிகளில் ஹிக்கறி பெற்ற இறுதி வெற்றி அதுவே. மரக்கோலை வளைத்து நெளித்துப் பலவகை அடிகளை அடித்தவர்கள், இப்போது ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு கோல் தேடினர். லோசன் லிட்டில் என்பவர் இருபதுக்கு மேற்பட்ட கோல்களைச் சுமப்பித்தார். சுமந்தவனின் தோளை நினைத்தோ, விளையாட்டின் மானத்தை நினைத்தோ, அமெரிக்கச் சங்கம் 1938இலும் சென்ற் அன்றூஸ் 1939இலும் 14 கோல்களே என்று வரம்பிட்டன.

உருக்கு செய்த பெரிய மாற்றம் வேறொன்று. ஒரே அளவான தண்டுகளை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்ததும், விறைப்பை வகைப்படுத்திப் பெயரிட முடிந்தது. விரல் அறிந்த செய்தி ஆங்கில எழுத்தாயிற்று. பெண்களுக்கு எல், முதியோருக்கு ஏ, பொதுவானோருக்கு ஆர், விறைப்பானதற்கு எஸ், மிக விறைப்பானதற்கு எக்ஸ் என்பது வழக்கம். 1970 அளவில் காபன் நாரால் ஆன இலேசான தண்டுகள் வந்தபோதும் இவ்வெழுத்துகளே தொடர்ந்தன. இவற்றில் ஒரு வில்லங்கம் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவு எதுவும் இல்லை. ஒருவரின் ஆர் மற்றொருவரின் எஸ்ஸாக இருக்கலாம். ஆகவே அறிந்தோர் தண்டின் ஒரு முனையை இறுகப் பற்றவைத்து மறுமுனையைச் சுண்டி, நிமிடத்துக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்று எண்ணுவர். நெடுந்தூரம் அடிக்கும் கோலுக்கு 250 அளவில் வரும். எண் பெருகப் பெருக விறைப்பும் கூடும்.

எவருக்கு எது பொருந்தும்? நம்மூரிலே காவுதடி சுமந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நடையோடு ஒத்து அசையும் தடி சுமையை இலேசாக்கும். விறைத்த தடி தோளைப் புண்ணாக்கும். துவண்ட தடி காலைத் தடுமாறச் செய்யும். கோல்ஃப் தண்டும் வீச்சின் தொடக்கத்திலே பின்னோக்கி வளைகின்றது. பந்தை நெருங்கும்போது நிமிர்ந்து, தலை சற்று முன்னோக்கி வளைந்த நிலையிலேயே பந்தைச் சந்திக்கின்றது. வேகமாக வீசுபவர் துவளும் தண்டை எடுத்தால் தலை மிக முந்திவிடும். வலக்கை ஆட்டக்காரராயின் பந்து உயர்ந்து இடப்புறம் சாயும். மெதுவாக வீசுபவர் விறைத்த தண்டை எடுத்தால் பந்து தாழ்ந்து, வலப்புறம் விலகி, தூரமும் குறையும். கோலின் தலை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வருவோருக்கு ஆர், அதற்குமேல் 105 வரை எஸ், அதனினும் மிஞ்சினால் எக்ஸ் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. வேகம் ஒன்றே போதாது. மேலிருந்து வெடுக்கென்று இழுப்பவருக்கு விறைப்பு வேண்டும், ஒழுக்காக வீசுபவருக்குச் சற்றுத் தளர்வு பொருந்தும்.

தண்டின் வல்லமையை மிகைப்படுத்துவோரும் உளர். 1968இல் அலஸ்ரெயர் கொக்ரன், ஜோன் ஸ்டொப்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி நூலொன்று, பந்தும் தலையும் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு வினாடியே என்று காட்டிற்று. அக்கணத்தில் தண்டு ஏதும் செய்ய இயலாது. தலையைச் சரியான கோணத்தில் கொண்டுவந்து சேர்ப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகின்றது. விறைப்பான தண்டு வலிமை தரும் என்று எண்ணி எக்ஸ் கேட்டு வாங்கும் இளைஞர் இதனை அறிந்தாரில்லை.

இளைஞர் மட்டுமோ? நுவரெலியா நண்பர் சொன்னதைக் கேளுங்கள். முதியவர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்த மகன் புதிய கோல்கள் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் எஸ் என்னும் எழுத்து. அவர் அடித்த பந்தெல்லாம் தாழ்ந்து வலப்புற மரங்களுக்குள்ளே போயிற்று. தேடி எடுத்துவருவது நம் நண்பரின் பாடு. ஒருநாள் பயிற்சியின்போது ஏ எழுத்துக் கோலொன்றைக் கையில் கொடுத்தாராம். பந்து எழும்பி நேரே சென்றது. முதியவர் மகிழ்ந்து தண்டைத் திருப்பினார், எழுத்தைக் கண்டார், முகம் சுருங்கிற்று, கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலும் ஒரு மாதம் மரங்களுக்குள்ளே தேடல் தொடர்ந்தது.

"பொறவு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அந்த எழுத்து மேல கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக் குடுத்தேன், சேர். அதுக்கப்புறம் அவரு வேற கோல் கேக்கவே இல்ல."