'மோர் ஃபாஸ்டர்' தப்புன்னு யார் சொன்னது?

'மோர் ஃபாஸ்டர்'. நாம குடிக்கிற மோர் இல்லை, இங்கிலீஷ் மோர். இந்த ரெண்டு வார்த்தையை இன்டர்வியூவுல சொல்லிட்டு, எதிர்ல இருக்கிறவர் லேசா சிரிச்சதும், தெரிஞ்ச பதிலைக்கூட சொல்லாம எழுந்து வந்த பசங்க எங்க ஒடுகத்தூர் பக்கம் நிறைய. இந்த எபிசோட் அந்தச் சிரிப்போட வரலாறு.

முதல்ல தமிழ். 'ஆம்பூர் பஸ்ஸை விட வேலூர் பஸ் வேகமா போகுது.' இதுல ஒப்பிடுறது எது? 'வேகமா' இல்லை, அது அப்படியே நிக்குது. ஆம்பூர் பஸ்ஸோட ஒட்டின 'ஐ'யும், பின்னாடி வர்ற 'விட'வும்தான். கோட் எழுதுறவங்க பாஷையில, நாம ஃபங்ஷனைத் தொடுறதில்லை, ஆர்க்யூமென்ட்டை மட்டும் மாத்துறோம். பழைய தமிழ்லயும் இதே கதை. 'வேலூரின் பெரிது சென்னை'ன்னா, அந்த 'இன்' ஐந்தாம் வேற்றுமை. தொல்காப்பியத்துலயே இருக்கு. உருபு மாறிச்சு, ஒட்டுற இடம் மாறலை. திராவிட மொழிகள்ல ஒப்பீட்டுக்குன்னு தனி விகுதி இல்லைன்னு 1856-ல வந்த தன் ஒப்பிலக்கணத்துல கால்டுவெல்லும் கவனிச்சிருக்கார்.

இங்கிலீஷ்ல அந்த வேலை வினையடை மேலயே விழுது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்துல வினையடையோட கடைசியில 'ஓர்' சேர்ந்தா ஒப்பீடு, 'ஓஸ்ட்' சேர்ந்தா உச்சம். 'ஃபாஸ்டர்', 'ஃபாஸ்டஸ்ட்'ல மிஞ்சியிருக்கிறது அந்த வால்தான். அப்புறம் 'மோர்', 'மோஸ்ட்'டை முன்னாடி வைக்கிற வழக்கம் பரவிச்சு. ரெண்டு வழி இருந்தா மக்கள் என்ன செய்வாங்க? ரெண்டையும் சேர்த்தே போட்டாங்க. ஷேக்ஸ்பியர் போட்டார். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்லயும் இருக்கு, அப்போஸ்தலர் 26:5 பாருங்க.

1762-ல ராபர்ட் லௌத், பின்னாடி லண்டன் பிஷப் ஆனவர், ஒரு இலக்கணப் புத்தகம் போட்டார். இரட்டையா போடுறது தப்புன்னு சொல்லி, அந்த பைபிள் வசனத்தையே உதாரணமா காட்டினார். கடவுளைக் குறிக்கிற ஒரு பிரயோகத்துக்கு மட்டும் சலுகை! அந்த மாதிரி விதிகள்தான் பள்ளிக்கூட இலக்கணமா இறுகிச்சு.

நம்ம பையன் எப்படி அங்க போறான்? என் கணிப்பு இது. 'வேகமா' மாறாத மொழியில இருந்து வர்றவன் காதுக்கு 'ஃபாஸ்டர்' ஒரு முழுச்சொல். அதனால 'இன்னும்' இடத்துல ஒரு 'மோர்' போடுறான். இன்னைய எழுத்து ஆங்கிலத்துல அது தப்புதான், ஆபீஸ் மெயில்ல போடாதீங்க. ஆனா இன்டர்வியூ எடுக்கிற அண்ணன்களே, அக்காக்களே, அவன் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுல்ல? அடுத்த கேள்வியைக் கேளுங்க.