தொட்டுக் கற்றதும் கேட்டுக் கற்றதும்

நூல் என்பது கண்ணுக்குரிய பொருள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஏட்டில் எழுதியதும் தாளில் அச்சிட்டதும் கண்ணால் நோக்கற்குரியன. ஆதலால், கண்ணொளி இல்லாதார்க்கு நூலும் இல்லை என்பதே நெடுங்காலமாக உலகம் வகுத்த நியதியாக இருந்தது. பிறர் வாசிக்கத் தாம் கேட்டல் ஒன்றே அவர்களுக்கு இருந்த வழி. அந்த நியதி ஏறத்தாழ 240 ஆண்டுகளில் எவ்வாறு மாறியது? விழிப்புலனற்ற ஒருவர் இன்று ஒரு கண்ணாடிப் பலகையை விரலால் தடவி, தாம் விரும்பிய நூலைத் தாமே வாசிக்கும் நிலை எவ்வாறு வந்தது? நேயர்களே, இவற்றையே இன்றைய பேச்சில் ஆராய விரும்புகின்றேன்.

இவ்வரலாறு பிரான்சு நாட்டில் தொடங்குகின்றது. 1771ஆம் ஆண்டில் பாரிஸ் நகரச் சந்தையொன்றில் விழிப்புலனற்றோர் சிலருக்கு விகட வேடம் புனைந்து, அவர்களை வேடிக்கைப் பொருளாக்கி மக்கள் நகைத்தனர். அதனைக் கண்டு மனம் வருந்தியவர் வலந்தீன் ஹாயி என்பவர். இத்தகையோரும் கல்வி கற்கத் தக்கவரே என்று துணிந்து, 1780களின் நடுப்பகுதியில் அவர் பாரிசில் ஒரு பள்ளியை நிறுவினார். ஈரத்தாளில் எழுத்துக்களை அழுத்திப் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவி வாசிக்கும் நூல்களையும் வெளியிட்டார். ஆயினும் ஒரு குறை இருந்தது. அவ்வெழுத்து கண்ணுக்கென வகுத்த எழுத்து. அதனையே பெரிதாக்கி விரலுக்குக் கொடுத்தனர். வாசிப்பு மிகவும் மெதுவாகவே சென்றது. மாணவர் தாமே எழுதுவதற்கோ அம்முறை வழிவகுக்கவில்லை.

அக்குறையை நீக்கியவர் அப்பள்ளியிலேயே பயின்ற மாணவர். 1809ஆம் ஆண்டில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தொழிற்கூடத்து ஊசியாற் புண்பட்டுப் பார்வையை இழந்தார். 1819இல் பாரிஸ் பள்ளியிற் சேர்ந்தார். சார்ல்ஸ் பார்பியே என்பார் வகுத்த 12 புள்ளி முறையை ஆராய்ந்து, ஒரு விரல்நுனிக்குள் அடங்கும்படி அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். அப்போது அவருக்கு வயது 15. ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். எந்த மொழிக்கும் அவை போதுமானவை.

ஆனால் அந்தப் பள்ளியே இவ்வெழுத்தை உடனே வரவேற்கவில்லை. 1840இல் தலைமை மாறியபின் அது விலக்கவும் பட்டது. கண்ணுடைய ஆசிரியர் வாசிக்க இயலாத எழுத்தைக் கண்ணற்ற மாணவர் தமக்குள் வழங்குவது முறையன்று என்ற எண்ணம் வலுத்திருந்தது. மாணவரோ தமக்குள் அதனை எழுதியும் வாசித்தும் வந்தனர். பிரெயில் 1852இல் மறைந்தார்; இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1854இல், அவருடைய எழுத்து அங்கீகாரம் பெற்றது. பின்வந்த காலம் முழுவதிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் ஒரு வினாவை இந்நிகழ்ச்சியிலேயே காண்கின்றோம். வாசிப்பவருக்கு எது ஏற்றது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அவ்வினா.

இனிச் செவிவழிக்கு வருவோம். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த எடிசன், அடுத்த ஆண்டிலேயே அதன் பயன்களை எடுத்துரைத்தபோது, விழிப்புலனற்றோருக்குப் பேசும் நூல்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். ஆயினும் அக்காலத்துப் பதிவுகள் சில நிமிடங்களே ஒலித்தன. ஒரு முழுநூலைப் பதிவதற்கு நீண்டநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு வேண்டியிருந்தது. 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் இங்கிலாந்திலும் பேசும் நூல்கள் வெளிவந்தன. முதலாம் உலகப் போரிற் பார்வை இழந்து, முதிர்ந்த வயதிற் புள்ளியெழுத்தைக் கற்க இயலாதிருந்த வீரர் பலருக்கு அவை பெருந்துணையாயின. ஆயினும் எந்த நூலைப் பதிவது என்பதை வேறொருவரே தெரிந்தெடுத்தார். எவ்வளவு விரைவாக வாசிப்பது என்பதும் வாசித்தவரின் குரலையே பொறுத்திருந்தது.

அச்சிட்ட எந்த நூலையும் வாசிக்கும் பொறி வேண்டும் என்ற வேட்கை 1976இல் நிறைவேறத் தொடங்கியது. ரே கர்ஸ்வைல் என்னும் அமெரிக்கர் அவ்வாண்டு வெளியிட்ட வாசிப்புப் பொறி, தாளிலுள்ள எழுத்துக்களைப் படம்பிடித்து, இன்ன எழுத்து என உணர்ந்து, செயற்கைக் குரலிற் பேசியது. பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அதனை முதன்முதல் வாங்கியவர்களுள் ஒருவர். பொறி பெரிது, விலையும் பெரிது. எனினும், பிறர் உதவியின்றி ஒருவர் தம் கடிதத்தைத் தாமே வாசிப்பது அதனால் இயல்வதாயிற்று.

இதற்கிடையிற் கணினி பெருகியது. கணினித் திரையிலுள்ளதைக் குரலாக மாற்றும் செயலியையே திரைவாசிப்பான் என்கிறோம். அது திரையைக் கண்போல நோக்குவதில்லை. திரையில் என்ன எழுத்து உள்ளது, எது தலைப்பு, எது பொத்தான் என்று கணினியின் உள்ளமைப்பை வினவி, வந்த விடையை உரக்கச் சொல்கின்றது. ஆகவே அங்கே எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும். இதனை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

இத்துறையிற் பெரும்பணி செய்தோருட் பலர் விழிப்புலனற்றோரே. விபத்தொன்றிற் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்பவரின் நிறுவனம் 1989இல் ‘ஜோஸ்’ என்னும் செயலியை வெளியிட்டது. அத்தகைய செயலிகளின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்தமையால், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் என்பவர் 2006இல் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்பவர் அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றோர். அச்செயலி எவர்க்கும் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. பிரெயில் காலத்தில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

பின்னர்க் கண்ணாடித் திரைக் கருவிகள் வந்தன. தடவி உணரப் பொத்தான்கள் இல்லாத வழுவழுப்பான அக்கண்ணாடி, விழிப்புலனற்றோர்க்கு அடைத்த கதவாகவே தோன்றியது. ஆனால் 2009இல் அப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியிலும், 2010இல் ஐபேட் என்னும் பலகைக் கணினியிலும் வொய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பானை உடன்சேர்த்தே விற்றது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்கும் டாக்பேக் என்னும் செயலி 2009இல் வந்தது. ஒருவிரலால் தொட்டால், தொட்ட இடத்தில் உள்ளது இன்னதென்று குரல் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும். வொய்ஸ்ஓவரில், இருவிரலாற் கீழ்நோக்கி வருடினால் அவ்விடத்திலிருந்து நூல் தொடர்ந்து ஒலிக்கும். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். சொல் சொல்லாகவோ எழுத்தெழுத்தாகவோ நிறுத்தியும் கேட்கலாம். பழகியவர் இயல்பான பேச்சினும் இருமடங்கு விரைவிற் கேட்பர்.

கேட்பது வாசிப்பாகுமா என்று வினவுவோர் உளர். திருக்குறள் கல்விக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்கு ஓர் அதிகாரமும் வகுத்தது என்பதை நாம் அறிவோம். பிறர் சொல்லக் கேட்கும்போது வேகமும் நிறுத்தமும் சொல்வோர் கையில் உள்ளன. திரைவாசிப்பானிலோ அவை கேட்போர் கையில் உள்ளன. ஐயுற்ற இடத்தில் நின்று, பின்சென்று, மீண்டும் நோக்குவதே வாசிப்பின் இயல்பு எனின், இதுவும் வாசிப்பே. ஆயினும் எழுத்துப்பிழையின்றி எழுதப் பழகும் பிள்ளைக்குச் செவி மட்டும் போதாது. தந்நகரமும் றன்னகரமும் ஒலியிற் பிரிந்து கேளா; விரலே அவற்றைப் பிரித்தறியும். ஊசிமுனைகள் எழுந்து தாழ்ந்து புள்ளியெழுத்தைக் காட்டும் கருவியைப் பலகைக் கணினியோடு இணைக்க இயல்வதால், பிரெயிலும் இக்காலத்தில் வழக்கிழக்கவில்லை.

கருவி வந்ததும் கதவு முற்றத் திறந்துவிடவில்லை. 2009இல் அமேசன் நிறுவனத்தின் இரண்டாவது கிண்டில் கருவி நூலை உரக்க வாசிக்கத் தொடங்கியபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் தம் ஒலியுரிமைக்கு ஊறு எனத் தடை கூறியது. நூலின் உரிமையாளர் விரும்பினால் அக்குரலை அடக்கலாம் என்று அமேசனும் இசைந்தது. விழிப்புலனற்றோர் நியூயோர்க் நகரில் அச்சங்கத்தின் பணிமனைமுன் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். விலை கொடுத்து வாங்கிய நூலைச் செவியால் வாசித்தல் ஏன் குற்றமாகும் என்பதே அவர்களின் வினா.

இதன் விரிந்த வடிவத்திற்கு உலகம் கண்ட விடையே மராக்கேஷ் உடன்படிக்கை. விழிப்புலனற்றோர் வாசிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குதற்கும், நாட்டுக்கு நாடு பரிமாறுதற்கும் பதிப்புரிமைச் சட்டம் தடையாகாதிருக்க, 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆந் தேதி அது நிறைவேறியது. 2016இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அவ்வாண்டிலேயே அதில் இணைந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். திரைவாசிப்பானுக்கு எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும் என்றேன். நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயின்றுவந்த ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களிற் கண்ணுக்குத் தோன்றுவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என அவ்வுருவில் அமைத்தால், உள்ளே பதிவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பனவே. திரைவாசிப்பான் அவற்றையே வாசிக்கும். தாயின் பெயர் பொருளற்ற ஒலியாகிவிடும். யூனிகோட் முறையில் 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. அம்முறையில் அமைத்த தமிழே தமிழாக ஒலிக்கும். நூற்பக்கத்தைப் படம்பிடித்து மட்டும் வைத்தால் நிலை இன்னும் இரங்கத்தக்கது: அங்கே எழுத்தே இல்லை, குரலும் எழாது. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் செயலிகள் தமிழுக்கும் உளவெனினும், ரகரத்தையும் காலையும் மயங்கி உணர்தல் போன்ற பிழைகள் நேர்வதால், மனிதர் ஒருவர் ஒப்புநோக்கித் திருத்துதல் வேண்டும்.

அன்று பாரிஸ் பள்ளியில் விரலுக்கு உகந்த எழுத்து இருந்தும், பள்ளியை நடத்தியோர் ஏற்காமையால் ஒரு தலைமுறை காத்திருந்தது. இன்று கருவி உண்டு, குரல் உண்டு, சட்டமும் உண்டு. எஞ்சியிருப்பது நூலையும் பாடக்குறிப்பையும் வினாத்தாளையும் ஆக்குவோர் கையில் உள்ளது. யூனிகோட் எழுத்தில் அமைத்து, தலைப்பைத் தலைப்பெனக் குறித்து, படத்துக்கு ஒருவரி விளக்கம் சேர்த்தால், அப்பக்கம் கண்ணுடையாருக்கும் இல்லாதாருக்கும் ஒருங்கே உரியதாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. எழுதும்போதே, இதனைச் செவியால் வாசிப்பாரும் உளர் என்ற நினைவு ஒன்றே வேண்டும்.