முளைகட்டிய மாவின் கதை

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்ற சகோதரர்கள் 1873இல் சிகாகோவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் சத்துமாவு தயாரிப்பது அதன் வேலை. 1883இல் அவர்கள் ஒரு பொடிக்குக் காப்புரிமை பெற்றார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால் மூன்றையும் சேர்த்து உலர்த்திய பொடி அது. பால் ஏற்கனவே உள்ளே இருந்ததால் வெந்நீரில் கரைத்தாலே போதும்.

அதில் ‘மால்ட்’ என்று சொல்லப்பட்டது, தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துவதைத்தான். முளைவிடும்போது மாவுச்சத்து உடைகிறது. கஞ்சி நீர்த்து, குழந்தைக்கு விழுங்க எளிதாகிறது. இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டும் குறைகிறது. நம் ஊர்ப் பெண்கள் கேழ்வரகைத் துணியில் முடிந்து, முளைவந்ததும் உலர்த்தி, வறுத்து, திரித்து, சலித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சியதும் இதே முறைதான். அந்த அறிவுக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை. அது உழைப்பாகக்கூட எண்ணப்படவில்லை.

1930களில் பிரிட்டனில் இந்தப் பானத்தின் விளம்பரங்கள் ‘இரவுப் பட்டினி’ என்றொரு குறையைக் கண்டுபிடித்தன. தூக்கத்தில் உடல் பட்டினி கிடப்பதால்தான் காலையில் களைப்பு வருகிறதாம். படுக்கும் முன் ஒரு கோப்பை குடித்தால் தீருமாம். களைத்துப்போனவர்களுக்கு வீட்டில் எவ்வளவு வேலை, வெளியில் என்ன கூலி என்று அந்த விளம்பரங்கள் கேட்கவில்லை.

இந்தியாவில் 1960 வாக்கில் பஞ்சாபின் நாபாவில் இதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. வெந்நீருக்கென்று பிறந்த பொடி, நம் வீடுகளில் பாலில் கலக்கும் பொடியாக நிலைபெற்றது. பிள்ளை உயரமாக வளர, பரீட்சையில் தேற ஒரு டம்ளர். அதைக் கையில் ஏந்தி நிற்பவள் அம்மா. அந்த டம்ளரை வாங்கித்தர முடியாத தாய்க்குக் குற்றவுணர்வுதான் மிச்சம். 2008இல் பெண்களுக்கென்றே தனிப்பொடி வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது.

இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையில் வைக்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது.

இப்போது முருங்கைப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். பாலிலுள்ள கால்சியம், கூடவே உண்ணும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கீரையை மதியச் சோற்றோடு எலுமிச்சை பிழிந்தோ, ஒரு நெல்லிக்காயோடோ உண்டு, பாலை வேறு வேளைக்கு வைப்பது நல்லது. கால்சியத்துக்குப் பாலை மட்டுமே நம்ப வேண்டியதுமில்லை. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால், அதே எடை கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

ஆனால் ‘பாட்டி காலத்துக்குத் திரும்புவோம்’ என்று முடித்துவிடவும் முடியாது. முளைகட்டி மாவு திரிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த வேலையை வீட்டில் யாரெல்லாம் பகிர்ந்துகொள்வது, காய்ச்சிய கூழில் அவளுக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கப்படுமா என்ற பேச்சு சமையலறையில் தொடங்க வேண்டும். எந்தப் பொடியை வாங்குவது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.