நம் பிளாட்டின் அடியில் இருக்கும் நிலம்

பிளாட் விலை பற்றிப் பேச்சு வந்தால், "இப்போது சதுர அடி என்ன ரேட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களைப் பார்த்த நாட்களில் நான் முதலில் தேடியது வேறொன்று: பத்திரத்தில் எத்தனை சதுர அடி நிலம் எழுதியிருக்கிறது என்பது. அதைத்தான் யூடிஎஸ், அதாவது பிரிபடாத பாகம் என்கிறோம்.

சென்னையில் ஒரு காலத்தில் சொந்த வீடு என்றால் மனை வாங்கிக் கட்டுவதுதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் போன்ற பகுதிகளை உருவாக்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் தோட்டத்தோடு இருந்த பழைய வீடுகள் இடிபட்டு, அங்கே பிளாட்டுகள் எழுந்தன. 1977-ல் எச்.டி.எஃப்.சி. தொடங்கியது, 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது. மாதச் சம்பளக்காரர்களும் கடன் வாங்கி பிளாட் வாங்க முடிந்தது.

மும்பையில் பெரும்பாலும் கூட்டுறவு சங்கத்தின் பெயரில் நிலம் இருக்கும். குடியிருப்பவர் சங்கத்தின் பங்குதாரர். சென்னையில் அப்படியில்லை. நிலத்தில் ஒரு பாகம் நேரடியாக நம் பெயருக்கே கிரயம் ஆகிறது. கட்டடத்துக்கு பில்டரோடு தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். முழு முத்திரைத் தீர்வை நிலப் பாகத்துக்கு மட்டும் என்பதால் செலவும் குறைந்தது. 2023 டிசம்பர் 1 முதல்தான் புது பிளாட்டுகளுக்கு நிலமும் கட்டடமும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்தது.

பழைய முறையில் ஒரு ஓட்டை இருந்தது. ஒவ்வொருவரும் தம் பத்திரத்தைப் பார்த்தார்கள். எல்லாப் பத்திரங்களையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. உதாரணமாக, 2 கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், 8 பிளாட். தலைக்கு 600 வர வேண்டும். ஆனால் 8 பத்திரங்களிலும் 550 என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 4,400தான். மீதி 400 சதுர அடி இன்னமும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது. நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அவரோ அவர் வாரிசுகளோ பாகம் கேட்டு வந்து நிற்கலாம்.

அந்த நாளை யாரும் தவிர்க்க முடியாது. கட்டடத்துக்கு வயதாக ஆக அதன் மதிப்பு தேய்கிறது. ஏறுவது நிலத்தின் மதிப்பு. பழைய பிளாட்டுக்கு நல்ல விலை கிடைப்பதற்கு அதுவே காரணம். முன்பு ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுபோகும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அப்போது யாருக்கு எவ்வளவு என்பதைப் பேச, கையில் இருக்க வேண்டியது பத்திரத்தில் உள்ள யூடிஎஸ் கணக்கு.

ஆகவே இந்த மாதம் செய்யக்கூடிய சில வேலைகள்:

1. கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படித்து, மொத்த நிலம் எவ்வளவு, உங்கள் யூடிஎஸ் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். கடன் முடிந்தும் அடமானம் அதில் தெரிந்தால், வங்கியிடம் கேட்டு ரசீது ஆவணம் பதிவு செய்யுங்கள். பத்திரத்தைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது. இதைச் செய்யாமல் விட்டு, விற்கும் நேரத்தில் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. பட்டா யார் பெயரில் இருக்கிறது, மொட்டை மாடியும் கார் நிறுத்துமிடமும் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டுள்ளன என்றும் பாருங்கள்.

4. மூலப் பத்திர நகல், அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றின் ஒரு செட் சங்கத்திலும் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவுக்கு முன், பிளாட் எண்ணையும் யூடிஎஸ் அளவையும் ஒரு தாளில் எழுதி சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். கூட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்; அந்த வேலையை நானே செய்கிறேன். கணக்கு சரியாக வந்தால் நிம்மதி. வராவிட்டால், அன்று நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரமோ மீதி நிலத்துக்குக் கிரயமோ முடித்துவிடலாம். நம் பிள்ளைகள் காலத்துக்கு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.