பாலாற்று மாவின் வேர்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைத் தோல் பதனிடும் தொழிலோடு மட்டுமே சேர்த்துப் பேசிப் பழகிவிட்டதால், பாலாற்றுப் பள்ளத்தாக்கும் அதை அடுத்த மலையடிவாரங்களும் மா விளையும் நிலங்கள் என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற சித்தூர் 1911 வரை பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. பின்னர் வந்த எல்லைக்கோடு நிர்வாகத்தைப் பிரித்ததேயன்றி, நீலம், பெங்களூரா, பங்கனபள்ளி ஆகிய இரகங்களைப் பிரிக்கவில்லை.

இவ்விரகங்களை முறையாக ஆராயும் பணி, சென்னை மாகாணத்தில் இருந்த கோடூரை அடுத்த அனந்தராஜுப்பேட்டையில் 1935இல் பழ ஆராய்ச்சி நிலையம் அமைந்தபின் வேகம் பெற்றது. கே. சி. நாயக், எஸ். ஆர். கங்கோலி இருவரும் 1950இல் வெளியிட்ட தென்னிந்திய மா வகைப்பாட்டு நூல் இத்துறையின் அடிப்படை ஆவணமாயிற்று. ஆண்டு தவறாமல் காய்க்கும் நீலம் கலப்பினத்துக்கு ஏற்ற பெற்றோராக அமைந்தது. தில்லியில் தசேரியோடு அதைக் கலந்து உருவாக்கியவையே மல்லிகாவும் ஆம்ரபாலியும். வடநாட்டுப் பழங்களென்று அவற்றை விரும்பி வாங்குவோர் அவற்றில் பாதி தென்னாட்டு நீலம் என்பதைப் பெரும்பாலும் அறியார்.

எனினும் இந்த ஆய்வுகளின் கவனம் பெரும்பாலும் பழத்திலேயே நின்றது. ஒட்டுக் கன்றில் இரண்டு மரங்கள் இணைந்துள்ளன: மேலே விரும்பிய இரகத்தின் கிளை, கீழே கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. பாலாற்று நிலம் சோதித்தது கீழே உள்ளதையே.

ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட இவ்வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டில் குரோம் முறை பரவியது. பழி பெரும்பாலும் குரோமியத்தின் மேல் விழுந்தாலும், மாவின் நேரடிப் பகை சாதாரண உப்புதான். அழுகாமலிருக்கப் பச்சைத் தோலில் தடவிய உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது நீரோடு வெளியேறி, கிணறுகளையும் வயல்களையும் அடைகிறது. அந்நீரைக் குடித்த மாவில் இலையின் நுனி முதலில் கருகி, ஓரம் வழியாகக் கருகல் உள்ளே இறங்குகிறது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் கணிப்பை, வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

உப்பைத் தாங்கும் ஆற்றலும் மாவின் மரபில் உண்டு. மேற்குக் கடற்கரையின் ஒளூர், குருக்கன் போன்ற இரகங்கள் சோதனைகளில் அதைக் காட்டியுள்ளன. இசுரேலில் 13/1 என்னும் வேர்ச்செடி இதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. இவை பல்கரு வகையைச் சேர்ந்தவை. அதாவது ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பி, அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தை அப்படியே ஒத்திருப்பதால், வேரின் குணம் மாறாமல் பெருக்க முடியும். நீலமும் பெங்களூராவும் ஒற்றைக் கரு உடையவை. அவற்றின் ஒவ்வொரு கொட்டையும் வெவ்வேறு தந்தையின் மகரந்தத்தால் உண்டாகக்கூடும். நாற்றங்கால்களில் இத்தகைய கலப்புக் கொட்டைகளையே வேர்ச்செடிக்கு ஊன்றுவது நெடுநாள் வழக்கம் என்பதால், ஒரே பெயர் தாங்கிய நூறு மரங்கள் நிற்கும் தோப்பில் மண்ணுக்கு மேலே இருப்பது ஒரே மரபு, கீழே இருப்பதோ பெயரில்லாத, எந்தப் பட்டியலிலும் ஏறாத நூறு மரபுகள்.