தபால் வழியும் கச்சேரியும்

கொழும்பிலே, கோட்டைப் பகுதியில், 1895ஆம் ஆண்டில் எழுந்த பெருந்தபாலகக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. தபால் வேலைதான் 2000ஆம் ஆண்டளவில் அதனை விட்டு அகன்றது. கட்டடம் நிலைக்க, அலுவல் மாறியது அங்கே. வன்னிப் பெருநிலத்திலோ கதை வேறு. அங்கே அலுவலகமே ஊர் விட்டு ஊர் நடந்தது. அதனை நடத்திச் சென்றது தபால் வழியென்றே சொல்லலாம்.

கச்சேரி என்றதும் தமிழகத்தார் பாட்டை நினைப்பர். ஈழத்தவர் அரசாங்க அதிபரையும் காணி உறுதியையும் நினைப்பர். வன்னியின் பழைய ஆட்சித்தலம் முல்லைத்தீவு. யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட அக்கடற்கரையில் ஒல்லாந்தர் கோட்டை அமைத்தனர். ஆங்கிலேயர் கைக்கு மாறிய அக்கோட்டையை 1803இல் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். கடல்வழியே பெருவழியாக இருந்தவரை அவ்வூரின் தலைமை பொருத்தமானதே.

பின்னர்க் காட்டின் நடுவே கண்டி வீதி வலுப்பெற்றது. விளாங்குளம் என வழங்கிய வவுனியா அவ்வீதியில் இருந்தது. 1895இல் சிவில் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னிக் கைந்நூலின் தலைப்பிலே வவுனியா, முல்லைத்தீவு என்னும் இரு பெயர்களும் காணப்படுகின்றன. வவுனியாவே முதலில் நிற்கின்றது.

அவ்வீதியில் தபால் சென்ற விதத்தை லெனாட் வூல்வ் எழுதியுள்ளார். 1905 சனவரியில் அவர் யாழ்ப்பாணத்தில் பதவியேற்கச் சென்றபொழுது, அநுராதபுரத்துக்கு அப்பால் புகையிரதப் பாதை இன்னும் முழுமையாக இணையவில்லை. 'தபால் கோச்சு' என்ற பெரும் பெயருடன் வந்தது ஒரு மாட்டுவண்டி! தபாற்பைகள் வண்டியின் தட்டில். பிரயாணிகள் பைகளின் மேல். இரவும் பகலும் காடு. அவ்வாண்டிலேயே பாதை முற்றுப்பெற்றது, வண்டிமாடுகள் ஓய்ந்தன, வவுனியா புகையிரத நகரமாயிற்று.

இதன் விலையைக் கொடுத்தவர் கரையூர் மக்கள். முல்லைத்தீவு வவுனியா மாவட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. மாவட்டக் கச்சேரியில் ஒரு காரியம் என்றால், மாங்குளம் சந்திக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் காட்டுவழி. அதன்பின்னும் தெற்கே செல்லவேண்டும். கையொப்பம் ஒன்றுக்காக ஒரு நாட்கூலி போயிற்று. 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாகி, கச்சேரியை மீட்டுக்கொண்டது. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தது.

போர் அவ்வூர்க் கட்டடங்களை விட்டுவைக்கவில்லை. 2009க்குப் பின்னர் அலுவலகங்கள் மீண்டும் எழுந்தன. 2013இல் கிளிநொச்சிக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. முல்லைத்தீவுக்கோ இருப்புப்பாதை என்றுமே இருந்ததில்லை. அங்கே கடிதம் இன்றும் வீதி வழியேதான் போய்ச் சேருகின்றது.